கரைச் சேதி

ஜனவரி 8, சனி

பத்தரை மணிக்குத் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து எங்கள் மீன்பிடிப் போட்டு கிளம்பியது. ஆள் ஒன்பது. அரிசி நாலு மூட்டை, வெங்காயம் இரண்டு மூட்டை, உப்பு ஒன்றரை மூட்டை, வற்றல் மிளகாய் எட்டு கிலோ, தேங்காய் நூற்றிருபது. இந்த நோட்டு அதையெல்லாம் எழுதி வைக்கத்தான் வாங்கியது. முன்பக்கத்திலிருந்து சாமான், பின்பக்கத்திலிருந்து இது. இரண்டும் நடுவில் சந்திக்கும்போது கரைக்கு வந்துவிடுவோம்.

என் பெயர் லேயோன். வயது ஐம்பத்தெட்டு. படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டியது கோயிலில் ஞானோபதேசப் புத்தகத்தை வைத்து. போட்டில் எனக்குச் சமையல் வேலை. பண்டாரி என்பார்கள். அதற்கு முன் இருபத்தாறு வருடம் தூண்டில்காரன். வலது கையில் இரண்டு விரல் போன பிறகு கரண்டியைப் பிடித்தேன். கரண்டிக்கு மூன்று விரல் போதும்.

மற்றவர்களையும் எழுதிவிடுகிறேன். போட்டை ஓட்டுவதும், எங்கே தூண்டில் போடுவது என்று முடிவு செய்வதும் பெர்க்மான்ஸ். ஸ்ராங்கு என்றால் அவன்தான். மார்சலின் என்று ஒருவன், வாய் ஓயாதவன், வீட்டில் ஏழு மாதப் பெண் குழந்தை. பிறகு ததேயுஸ். முப்பத்தாறு வயது, கைத்தூண்டிலில் அவனுக்கு மேல் இந்தப் போட்டில் ஆளில்லை. என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவான். சொந்தம் ஒன்றும் கிடையாது. அவன் அப்பன் கபிரியேலும் நானும் ஒரே போட்டில் பதினான்கு வருடம் வேலை பார்த்தோம், அந்த உரிமை. மற்ற ஐந்து பேரும் நல்ல பிள்ளைகள், நன்றாகச் சாப்பிடுவார்கள்.

இன்று முழுக்க மேல்தளத்தில் உட்கார்ந்து தூண்டில் கட்டினார்கள். வட்டத் தூண்டில், கேரைக்கு உள்ளது. கேரை என்றால் மஞ்சள் துடுப்புள்ள பெரிய சூரை. ஒவ்வொருவன் முடிச்சும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். மார்சலின் முடிச்சு அவன் பேச்சைப் போலவே நீளம்.

ஜனவரி 16, ஞாயிறு

ஞாயிறு போன் நாள். சேட்டிலைட் போன் ஒன்று பெர்க்மான்ஸ் அறையில் இருக்கிறது. ஆளுக்கு மூன்று நிமிடம். காலைக் கஞ்சி முடிந்ததும் வரிசையாக நிற்பார்கள். முகம் கழுவி, தலை சீவி நிற்பார்கள். போனில் முகம் தெரியாது என்று சொன்னாலும் கேட்பதில்லை.

எனக்குக் கூப்பிட ஆளில்லை. என் பெண்டாட்டி செசிலி போய்ப் பதினோரு வருடம். பிள்ளைகள் இல்லை. என் மூன்று நிமிடம் ததேயுஸுக்கு. முதல் மூன்றில் பெண்டாட்டியோடு பேசுவான், என்னுடைய மூன்றில் அப்பனோடு. கபிரியேலுக்குக் காது மந்தம். அதனால் போனில் அவன் கத்துவது அடுக்களை வரைக்கும் கேட்கும்.

"எலே, கேரை பட்டுதா?"

"பட்டுது அப்பா. நேத்து பதினாறு."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். வயித்துச் சதையில நாலு கீத்து எடுத்து உப்புப் போட்டுக் காயவெச்சுக் கொண்டா. இங்க கடையில விக்கிறது மண்ணு."

"டாக்டரு உங்கள உப்பு தின்னப்படாதுன்னு சொல்லியிருக்காருல்லா?"

"டாக்டரு கடலுக்குப் போயிருக்காராக்கும்? லேயோன் உண்டுமா அங்க? அவனுக்க சோறு இப்பவும் கொழைஞ்சுதான் கெடக்கா?"

போட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். என் சமையலைத் திட்டுவதற்குக் கரையில் மிஞ்சியிருப்பவன் அவன் ஒருவன்தான். இளைப்புக்காரன். பேசி முடித்ததும் மூச்சு வாங்குவது போனிலேயே கேட்டது.

மத்தியானம் ததேயுஸ் உப்பு கேட்டு வந்தான். ஒரு கை அள்ளிக் கொடுத்தேன். பெர்க்மான்ஸ் அறையின் கூரை மேல் மீன் கீற்றுகளைப் பரப்பினான். வரிசை கோணாமல், அளந்து வைத்த மாதிரி.

ஜனவரி 19, புதன்

பதினொரு மணிக்குப் போன் வந்தது. புதன்கிழமை போன் வருவதில்லை.

வெங்காயத்தில் ஒரு மூட்டை அடியில் அழுகிவிட்டது. தளத்தில் கொட்டி நல்லதைப் பிரித்தேன். சாயங்காலம் வரை பிரித்தேன். கண் எரிந்தது.

ஜனவரி 20, வியாழன்

நேற்று எழுதாததை எழுதுகிறேன். கபிரியேல் இறந்துபோனான். நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு, கட்டிலில் உட்கார்ந்தபடியே. இன்று நாலு மணிக்கு அடக்கம்.

இது பெர்க்மான்ஸுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மகனுக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்துப் போட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. கரைச் சேதி கரையில். வீட்டில் சாவு விழுந்தால் கடலில் இருப்பவனுக்குச் சொல்வதில்லை. கரைக்கு ஐந்து நாள் ஓட்டம். திரும்பினாலும் முகம் பார்க்க முடியாது. அழுகிற கண்ணோடு தூண்டில் பிடித்தால் கை போகும். அதனால் கடைசித் தூண்டிலும் ஏறி, போட்டு கரையைப் பார்த்துத் திரும்பின பிறகுதான் சொல்வார்கள். இந்த வழக்கம் வந்தது என் கையால். பெர்க்மான்ஸ் அதைத்தான் சொன்னான்.

"லேயோன் அண்ணே, உம்ம கைதான் சாட்சி. வாயத் தொறக்காதேயும்."

பதினோரு வருடத்துக்கு முன், ஏழு நாள் ஓட்டத்துக்கு அப்பால் இருந்தபோது, செசிலி இறந்ததை வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். அப்போதிருந்த ஸ்ராங்கு உடனே என்னிடம் சொல்லிவிட்டார். சும்மா உட்கார்ந்து என்ன செய்ய என்று கைத்தூண்டிலை எடுத்தேன். தங்கூசி என்கிற நைலான் நூலைக் கையில் சுற்றக்கூடாது என்பது இந்த வேலைக்கு வருகிறவன் முதல் நாள் படிக்கிற பாடம். நூல் ஓடினால் ஓட விட வேண்டும். அன்றைக்கு நான் சுற்றினேன். ஏன் என்று எனக்குத் தெரியாது. கேரை கீழே பாய்ந்தது. அவ்வளவுதான்.

பெர்க்மான்ஸ் போனைப் பாலித்தீன் பையில் சுற்றி என் அரிசி டிரம்மில் புதைத்தான். ததேயுஸ் வீட்டுக்குப் பேசிவிடக்கூடாதே. இனி நான் சோற்றுக்கு அரிசி அள்ளும்போதெல்லாம் அது கையில் தட்டும்.

நாலு மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ததேயுஸ் கூரை மேல் ஏறிக் கீற்றுகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். பாட்டு பாடினான். நாலே காலுக்கு இறங்கி வந்து, "சித்தப்பா, ஒரு கை உப்பு" என்றான். கொடுத்தேன்.

ஜனவரி 23, ஞாயிறு

"போன் செத்துப்போச்சு" என்று பெர்க்மான்ஸ் சொன்னான். தலை சீவி நின்ற வரிசை கலைந்தது.

மார்சலின் குதித்தான். "எனக்க மோளுக்குப் பல்லு மொளைக்குதுன்னு போன வாரந்தான் சொன்னா. மேல்ப்பல்லா கீழ்ப்பல்லான்னு கேக்க மறந்துட்டேன். இனி ஒரு மாசம் நான் எந்தப் பல்ல நெனச்சுட்டுப் படுப்பேன்?"

"ரெண்டையும் நெனைலே" என்றான் ததேயுஸ்.

போன் இல்லாத ஞாயிறு எப்படிப் போகும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்; பதினோரு வருடமாக எனக்கு எல்லா ஞாயிறும் அப்படித்தான். கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நடந்தார்கள். பிறகு மூன்று பேர் அடுக்களைப் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். தேங்காய் துருவிக் கொடுத்தார்கள். ததேயுஸ் கடைசியாக எழுந்து போனான்.

ஜனவரி 26, புதன்

எங்கள் கரைப் போட்டுகள் ஐந்து கூட்டமாகத்தான் கிடக்கும். ஒருவனுக்கு மீன் பட்டால் மற்றவனுக்குச் சொல்வான். காலையில் வயர்லெஸ்ஸில் ஊர் வம்பு முழுக்க ஓடும். இன்று விடியும்போது பார்த்தால் மற்ற நாலு போட்டும் இல்லை. பெர்க்மான்ஸ் தெற்கே திருப்பிவிட்டான்.

"தெக்க தண்ணி நல்ல நெறம்" என்று மற்றவர்களிடம் சொன்னான். என்னிடம் வேறு சொன்னான். அந்தப் போட்டுக்காரர்களுக்கும் சாவு தெரிந்திருக்கும். எவனாவது வாய் தவறி வயர்லெஸ்ஸில் துக்கம் கேட்டுவிட்டால்?

இப்போது வயர்லெஸ்ஸில் இரைச்சல் மட்டும் கேட்கிறது. சுற்றிலும் ஒரு போட்டின் புள்ளி கூட இல்லை. கடல் பெரியது என்று எல்லோரும் சொல்வார்கள். பக்கத்தில் இன்னொரு போட்டு இருக்கும்வரை அது அவ்வளவு பெரியதில்லை.

ஆயிரங்கால் தூண்டிலில் இன்று மீன் குறைவு. ஆயிரங்கால் என்பது கிலோமீட்டர் கணக்கில் நீளுகிற ஒரே கயிறு. மிதப்பு கட்டி, இடைவெளி விட்டு விட்டுத் தூண்டில் தொங்கும். நாலு மணி நேரம் இழுத்துப் பதினோரு மீன்.

ஜனவரி 30, ஞாயிறு

இன்று அடுக்களையில் ஆறு பேர். இடமில்லாமல் உப்பு மூட்டை மேல் ததேயுஸ் உட்கார்ந்தான். இப்போதெல்லாம் அதுதான் அவன் இடம்.

அப்பன் கதை சொன்னான். கபிரியேல் ஒருமுறை கரையில் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து, இலையில் வைத்த வறுத்த மீனைப் பார்த்து, "இந்த மீன் செத்து அஞ்சு நாளாச்சு, ஆறாம் நாளுக்கு நான் வரேன்" என்று எழுந்து போனாராம். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் சித்தப்பனை அடிக்கப் போனார்களாம்.

"சித்தப்பனை எதுக்குலே?" என்று மார்சலின் கேட்டான்.

"மீன் வாங்கினது அவருதான்."

இந்தக் கதையில் கபிரியேலுக்குப் பக்கத்து இலையில் இருந்தவன் நான். அதை நான் சொன்னேன். அவன் எழுந்தபோது என் முழங்கையில் இடித்து ரசம் கொட்டியதையும் சொன்னேன். ததேயுஸ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"இத அப்பன் எனக்குச் சொன்னதில்லையே! கரைக்குப் போனதும் கேக்கேன்."

பிறகு டீ போட்டேன். ஒன்பது பேருக்கும் இஞ்சி தட்டிப் போட்டேன். பதினோரு வருடத்தில் ஒரு ஞாயிறு இப்படிப் போனதில்லை. இன்று நல்ல நாள்.

நல்ல நாள் என்று எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கவில்லை.

பிப்ரவரி 2, புதன்

மீன் குழம்பு வைத்தேன். எனக்கு அடக்கத்தன்றிலிருந்தே ரசம்தான். பல் வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 4, வெள்ளி

"சித்தப்பா, பதினஞ்சு நாளா பல்லு வலிக்கா?" என்று ததேயுஸ் கேட்டான். "தாடி வேற வளக்குறீங்க. பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"ஆமாலே, மச்சக்கன்னியை" என்றேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்று இருக்கிறேன். பெர்க்மான்ஸ் கட்டளை இருக்கிறது, அதுதான்.

பிப்ரவரி 7, திங்கள்

காலை ஏழு மணிக்கு மார்சலின் கத்தினான். "மரம்! மரம்!"

நடுக்கடலில் மரம் என்றால் மிதந்து வந்த மரம். எந்த நாட்டு ஆற்றிலிருந்து வந்ததோ, தென்னை மரத்தில் பாதி நீளம், பாசி பிடித்துக் கிடக்கிறது. அதன் நிழலில் சின்ன மீன், சின்ன மீனுக்கு அடியில் பெரிய மீன், அதற்கும் அடியில் கேரை. மரத்தைக் கண்டவன் ஆயிரங்காலைச் சுருட்டி வைத்துவிட்டுக் கைத்தூண்டிலை எடுப்பான். ஒரு ஆளுக்கு ஒரு நூல், ஒரு தூண்டில், ஒரு ஈயக்குண்டு, உயிரோடு ஒரு கணவாய். சைக்கிள் டியூபை வெட்டி விரலில் மாட்டிக்கொண்டால் தயார்.

ததேயுஸ் பிடிப்பதைப் பார்க்க வேண்டும். நூலை அவன் பிடிப்பதில்லை, தொட்டுக்கொண்டிருப்பான். மீன் ஓடும்போது விட்டுவிடுவான். கை இரண்டையும் விரித்தால் ஒரு பாகம்; நூறு பாகம், நூற்றைம்பது பாகம், போகட்டும் என்று நிற்பான். மீன் ஒரு மூச்சு நிற்கும். அப்போது ஒரு பாகம் வாங்குவான். அது மறுபடி ஓடும். முக்கால் மணி நேரம் இப்படி. ஏறியது அறுபது கிலோ இருக்கும்.

கேரைக்கு மற்ற மீன் மாதிரி இல்லை, சூடான ரத்தம். போராடின மீனின் சதையில் கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருக்கும். உடனே அடித்து, ரத்தம் வடித்து, குடலெடுத்து, ஐஸில் இறக்காவிட்டால் உள்ளேயே சதை வெந்து நிறம் மாறிவிடும். அப்புறம் யாரும் வாங்கமாட்டார்கள். வெளியே பார்த்தால் மீன் அப்படியே பளபளவென்றுதான் இருக்கும்.

இன்று நாற்பத்தொரு மீன். ததேயுஸ் அதில் ஒன்றின் வயிற்றுச் சதையைக் கீறி எடுத்தான். "இதுதான் அப்பனுக்கு. முன்ன போட்டதெல்லாம் சும்மா" என்றான். உப்பு கேட்டான். கொடுத்தேன்.

பிப்ரவரி 9, புதன்

முப்பதாம் நாள் பூசை பதினேழாம் தேதி வருகிறது. அன்றைக்குத்தான் வீட்டின் துக்கம் முடியும். மகன் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றி, வந்தவர்களுக்குத் தன் கையால் சோறு பரிமாற வேண்டும். கபிரியேலுக்கு மகன் ஒருவன்தான். முதலில் போட்ட கணக்குப்படி பதினான்காம் தேதியே கரைக்கு வந்திருப்போம். மரம் வந்து கெடுத்தது. தெற்கே தள்ளி வந்ததில் ஓட்டமும் ஆறு நாள். பதினொன்றாம் தேதி திருப்பினால்தான் பூசைக்குப் போக முடியும்.

பெர்க்மான்ஸிடம் போனேன்.

"மரத்த விட்டுட்டுப் போகவா? அண்ணே, நான் ஸ்ராங்கானதுக்குப் பொறவு கண்ட ரெண்டாவது மரம் இது. இன்னும் ஒரு வாரம் மீன் நிக்கும். ஐஸும் இருக்கு."

"ஒத்த மகன், பெர்க்மான்ஸ்."

"அடக்கத்துக்கே இல்ல. முப்பதுக்கு இல்லேண்ணா என்ன?"

"அடக்கம் அவனுக்குத் தெரியாமப் போச்சு. இது நமக்குத் தெரிஞ்சே போவுது."

"உமக்கு விரலு போனது மறந்துபோச்சா?"

"விரலு போனது நெசம்" என்றேன். "ஆனா அண்ணைக்கு எனக்குச் சொல்லாம வெச்சிருந்தா, பத்து விரலோட கரையில எறங்கி, கையில ஒரு மீனையும் தூக்கிக்கிட்டு, சிரிச்சுட்டே வீட்டுக்கு நடந்திருப்பேன். வழியில ஊரே நின்னு என்னப் பாத்திருக்கும். எனக்கு எட்டு விரலு போதும்லே."

அவன் கண்ணாடிக்கு வெளியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கெட்டவன் இல்லை. ஒன்பது வீட்டுக்கு அவன் பதில் சொல்ல வேண்டும்.

"நீரு சொன்னா, அடுத்த நடைக்கு இந்தப் போட்டில வேற பண்டாரி" என்றான்.

எனக்குக் கரையில் ஒரு அறை இருக்கிறது. அதில் ஒரு ஸ்டவ்வும் இரண்டு தட்டும் இருக்கின்றன.

பிப்ரவரி 10, வியாழன்

இன்று சொல்லவில்லை. பருப்பு வெந்துகொண்டிருந்தது.

பிப்ரவரி 11, வெள்ளி

சொன்னேன்.

எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்ததெல்லாம் வீணாகப் போனது. அவன் கையில் நூல் இருக்கும்போது சொல்லக்கூடாது, அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். பத்து மணிக்கு நூலைத் தளத்தில் கட்டிவிட்டு, விரலில் மாட்டிய டியூபைக் கழற்றிக்கொண்டே அடுக்களைக்கு வந்தான்.

"சித்தப்பா, ஒரு கை உப்பு."

"உப்பு வேண்டாம் மக்கா."

"ஏன், தீந்துபோச்சா?"

"தீரல."

"பின்ன?"

"அப்பன் தின்னப்போறதில்ல."

சிரிக்க ஆரம்பித்தான். டாக்டர் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். என் தாடியைப் பார்த்தான். உப்பு மூட்டை மேல் உட்கார்ந்தான்.

"எண்ணைக்கு?"

"பத்தொம்பதாந்தேதி. அடக்கம் மறுநாள், நாலு மணிக்கு."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அண்ணைக்கே."

அவன் எழுந்து வெளியே போனான். நான் பின்னாலேயே ஓடினேன். அவன் நேராகத் தன் நூலுக்குப் போனதும் எனக்கு உயிர் போய்விட்டது. ஆனால் அவன் கட்டவிழ்த்து, தண்ணீருக்குள் கிடந்த நூலைப் பாகம் பாகமாக மேலே வாங்கினான். ஈயம் வந்தது, தூண்டில் வந்தது. கணவாயைக் கழற்றிக் கடலில் விட்டான். நூலைக் கட்டையில் சுற்ற ஆரம்பித்தான். அவசரப்படாமல், ஒரு சுற்று மேல் ஒரு சுற்று.

"என்னலே, மீன் நிக்குதுல்லா?" என்று மார்சலின் கேட்டான்.

"எனக்க அப்பன் செத்துப்போனாரு."

மார்சலின் வாய் திறந்தபடி நின்றான். அப்படி ஒரு சத்தமும் வராமல் அவன் வாயை நான் பார்த்ததில்லை. பிறகு அவனும் தன் நூலை இழுத்தான். சுற்றினான். அடுத்தவன் சுற்றினான். ஏழு பேரும் சுற்றினார்கள். மரத்துக்கு அடியில் கேரைகளின் முதுகு தெரிந்தது. அவ்வளவு மீனையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பெர்க்மான்ஸ் மேலே நின்று கவனித்துக்கொண்டிருந்தான். கடைசித் தூண்டில் ஏறியதும் உள்ளே போனான். இன்ஜின் சத்தம் மாறியது. போட்டு வடகிழக்கே திரும்பியது.

பிப்ரவரி 12, சனி

போனை அரிசியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பை கிழிந்து, போனின் ஓட்டைகளில் அரிசி சிக்கியிருந்தது. நான் ஊசியால் குத்தி எடுக்கும்போது மார்சலின் பார்த்துக்கொண்டே நின்றான். இருபத்துமூன்று நாளாகப் பிள்ளையின் பல் அவனுக்குத் தெரியாமல் போனது என் டிரம்மில்தான் என்று இப்போது தெரியும். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ததேயுஸ் அம்மாவோடு பேசினான். யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

அடுக்களைக்கு யாரும் வரவில்லை. தட்டுகளை வாங்கிக்கொண்டு தளத்துக்குப் போய்விட்டார்கள். ததேயுஸ் தட்டு மட்டும் இங்கேயே இருக்கிறது.

பிப்ரவரி 13, ஞாயிறு

போனுக்கு மறுபடி வரிசை. தலை சீவி நின்றார்கள். கீழ்ப்பல்தானாம், மார்சலின் யாரிடமோ சொன்னது கேட்டது.

கூரை மேல் கருவாடு அப்படியே கிடக்கிறது. அவன் எடுக்கவில்லை. பனியில் நனைகிறது. நானும் தொடவில்லை.

பிப்ரவரி 14, திங்கள்

மத்தியானம் ததேயுஸ் வந்தான். உப்பு மூட்டை மேல் உட்காரவில்லை. வாசலில் நின்றான்.

"நீங்க தெனமும் எழுதுவீங்கல்லா?"

"தெனமும் இல்ல. அப்பப்ப."

"இருபதாந்தேதி நாலு மணிக்கு நான் என்ன செய்தேன்? எவ்வளவு நெனச்சும் நெனவு வரல. அங்க குழிக்குள்ள எறக்கும்போ நான் என்ன செய்துட்டு இருந்தேன்? வாசியுங்க."

நோட்டை எடுத்து வாசித்தேன். என் எழுத்து எனக்கே தடுக்கியது.

"பாடினேனா?"

"பாடினே."

"உப்பு கேட்டேனா?"

"கேட்டே."

"பொறவு? விடாம வாசியுங்க."

வாசித்தேன். இருபத்துமூன்று, இருபத்தாறு. முப்பதாம் தேதிக்கு வந்தேன். என் கிறுக்கலை என்னைத் தவிர யாராலும் படிக்க முடியாது. அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கலாம், அவனுக்குத் தெரிந்திருக்காது. நல்ல நாள் என்று எழுதியதை வாசித்தேன். அடிக்கவில்லை என்பதையும் வாசித்தேன்.

அவன் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தான்.

"நான் சிரிக்கும்போ நீங்களும் சிரிச்சீங்க. கல்யாண வீட்டுக் கதைக்கு. அது எனக்காவ நடிச்சதா, நெசமா?"

"நெசம் மக்கா. எல்லாமே நெசம். அதான் நான் செய்த பெழ. மொத நாலு நாளு பெர்க்மான்ஸ் சொன்னதுக்காவ வாய மூடினேன். பொறவு நீ அடுக்களையில வந்து இருக்கியே, அதுக்காவ மூடினேன்."

அவன் போய்விட்டான். டீ போட்டு வைத்திருந்தேன். ஆறிப்போனது.

பிப்ரவரி 15, செவ்வாய்

காற்று எதிரே. கஞ்சி, பயறு.

பிப்ரவரி 17, வியாழன்

காலை ஆறு மணிக்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தோம். பூசை ஏழரைக்கு. படகுத்துறையில் ததேயுஸின் மாமனும் இன்னும் நாலைந்து பேரும் வெள்ளை வேட்டியோடு நின்றார்கள். மார்சலின் பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

பெர்க்மான்ஸ் என்னிடம் வந்து, "சட்டி பானையெல்லாம் கழுவிக் கமத்தி வெச்சிரும் அண்ணே. அடுத்தவன் வந்து பாத்துக்கிடுவான்" என்றான். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் சரி என்றேன். ஏற்கெனவே கழுவி வைத்திருந்தேன்.

ததேயுஸ் மாமன் கொண்டுவந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கினான். மாமன் தோளில் கை போட்டார். பெண்கள் யாரோ குரலெடுத்து அழுதார்கள். அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஆட்டோக்கள் நிற்கிற பக்கமாக நடந்தார்கள். நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்தேன். கபிரியேலுக்காக நான் அழவில்லையே என்று அப்போதுதான் தோன்றியது. மகனுக்குத் தெரிந்துவிடும் என்று முப்பது நாளும் அதைத் தள்ளி வைத்திருந்தேன்.

ததேயுஸ் பத்தடி போய் நின்றான்.

திரும்பிப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே நின்றான். "வாலே மக்கா, பூசைக்கு நேரமாச்சு" என்று மாமன் கூப்பிட்டார். அவன் அசையவில்லை. மாமன் கையைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.

எதற்கு நிற்கிறான் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

நாற்பது நாள் செருப்பு போடாத கால். மூட்டைகளுக்கு அடியில் செருப்பைத் தேடினேன். ஒன்று கிடைத்தது, இன்னொன்று கிடைக்கவில்லை. அதையும் எறிந்துவிட்டு வெறுங்காலோடு அவன் நின்ற பக்கம் இறங்கினேன்.